ஆமனுக்கு முட்டியில் அடி

முட்டி என்ற சொல் தன் வாயில் எங்கிருந்து வந்து விழுந்தது என்று வெர்ல் ஹெஸ்லப்புக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அக்டோபர் முதல் வாரம் அது. பாசனத் தண்ணீரை அடைக்கிற நாட்கள். மலையடிக் குளத்திலிருந்து ஏரிப் பக்கம் வரை இறங்குகிற குழாய்கள் அத்தனையையும் உறைபனி வருவதற்குள் வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணுக்குள்ளேயே வெடித்துத் தொலையும். பாசனக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக வெர்லுக்கு இதுதான் வேலை. வால்வு திருகும் ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். குழியின் மூடியைப் புரட்டி, சாவியை உள்ளே இறக்கி, தொந்தியை அதன்மேல் சாய்த்து ஒரு திருகு. உள்ளே தண்ணீர் செருமிக்கொண்டு நிற்கும். அந்த வருடம் மலையில் பனி குறைவு. ஆகஸ்டிலேயே தண்ணீரைப் பாதியாக வெட்டிவிட்டிருந்தார்கள். உப்பு ஏரி ஒரு மைல் உள்வாங்கி, மேற்கே பார்த்தால் வெறும் வெள்ளைச் சேறுதான் தெரிந்தது.

அன்று காலை தன் தெருவிலேயே குழிக்குள் குனிந்திருந்தபோது பக்கத்து வீட்டுத் தெய்ன் பார்டன் சருகு வாரும் முள்கோலோடு வேலியோரம் வந்து நின்றார். தெய்னுக்கு அறுபத்திரண்டு வயது. விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே வேலி.

"ஏம்ப்பா வெர்ல், உங்க வீட்டுக் கீழ் ரூம்ல லைட்டு எரியுதே. யாராச்சும் வந்திருக்காங்களா?"

"ஆமன் வந்திருக்கான்."

முள்கோல் நின்றது. வெர்லின் மகன் ஆமன், வீடு வீடாகக் கதவைத் தட்டி வேதம் சொல்லும் சபை ஊழியத்துக்கு ஓஹையோ போய் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. போனால் இரண்டு வருடம். சபைக் கட்டடத்தின் நடைச் சுவரில் அவன் படம், கழுத்தில் டையும் சிரிப்புமாக, மற்றப் பையன்களின் படங்களோடு மாட்டியிருந்தது. பாதியில் திரும்பி வருகிற பையனுக்கு அந்த ஊரில் ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

"முட்டி," என்றார் வெர்ல். "முட்டியில அடி. படிக்கட்டுல விழுந்துட்டான். சரியானதும் திரும்பப் போயிருவான்."

தெய்ன் சற்று நேரம் அவரையே பார்த்தார்.

"அடப் பாவமே," என்றார் பிறகு. "பாத்துக்கச் சொல்லு. முட்டி பொல்லாதது."

அவ்வளவுதான். வெர்ல் குழியை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். மத்தியானத்துக்குள் மூன்று பேர் முட்டியைப் பற்றிக் கேட்டார்கள். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது படிக்கட்டுக்குப் பனிக்கட்டியும் சேர்ந்துவிட்டது. செப்டம்பரில் ஏது பனிக்கட்டி என்று அந்த ஆளும் கேட்கவில்லை.

உண்மையில் நடந்தது வெர்லுக்கே சரியாகத் தெரியாது. ஓஹையோவிலிருந்து ஊழியத் தலைவர் போன் செய்தார். "பையன் நல்ல பையன். ஆனா இப்ப வீட்ல இருக்கிறதுதான் அவனுக்கு நல்லது," என்றார். அதற்கு மேல் வெர்ல் கேட்கவில்லை. விமான நிலையத்தில், ஊழியம் முடித்து வரும் பையன்களுக்காக மற்ற வீட்டார் பலூனும் பதாகையுமாக நின்ற இடத்தில் அவரும் மனைவி லூவானும் வெறுங்கையோடு நின்றார்கள். ஆமன் இரண்டு பெட்டியோடு நேராக நடந்து வந்தான். ரொம்ப மெலிந்திருந்தான். லூவான் கட்டிக்கொண்டாள். வெர்ல் கை குலுக்கினார். வழியெல்லாம் நெடுஞ்சாலை வேலையைப் பற்றிப் பேச்சு ஓடியது.

அன்று இரவுச் சாப்பாட்டில் வெர்ல் விஷயத்தைச் சொன்னார். லூவான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். தினம் நானூறு பேருக்கு மாவு பிசைந்து கை உரமேறியவள். கரண்டியைச் சட்டிக்குள் அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னன்னு சொன்னே?"

"முட்டின்னு."

"ஏன்?"

"கேட்டான். என்ன சொல்றது?"

ஆமன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொட்டியை நான்காகப் பிய்த்து, நான்கையும் வரிசையாக வைத்தான்.

"எந்தக் காலுன்னு சொன்னீங்கப்பா?"

"என்னது?"

"வலதா, எடதா?"

"அதெல்லாம் சொல்லல."

"அப்ப எடதுன்னே இருக்கட்டும். கார் ஓட்ட வலது கால் வேணும்ல."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, நாளைக்கு மாற்ற வேண்டும் என்பதுபோலச் சொன்னான். வெர்லுக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது. பையன் புரிந்துகொண்டான் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனபோது ஆமன் காரிலிருந்து இறங்கி இடது காலை லேசாக இழுத்து நடந்தான். ரொம்ப இயல்பாக இழுத்தான். ஆண்கள் வந்து வெர்லின் கையைக் குலுக்கி, ஆமனின் தோளைத் தட்டி, "முட்டி எப்படிப்பா இருக்கு?" என்றார்கள். "பரவாயில்ல பிரதர், வீக்கம் வத்திருச்சு," என்றான். ஊரில் பல் டாக்டராக இருந்துகொண்டு சம்பளமில்லாமல் சபையையும் நடத்துகிற பிஷப் வாட்லிக்கு நடந்ததெல்லாம் தெரியும். ஊழியத் தலைவர் முதலில் போன் செய்ததே அவருக்குத்தான். அவரும் குனிந்து அந்த முட்டியைப் பார்த்து, "ஐஸ் வைக்கிறியா?" என்றார். வெர்ல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் ஞாயிறு நடைச் சுவரில் ஆமன் படம் இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியாது. மற்றப் படங்களைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி மாட்டி அந்த இடைவெளியை அடைத்திருந்தார்கள். அதன் முன்னால் லூவான் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு சகோதரிகள் வகுப்புக்குப் போகாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மத்தியானம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"வெர்ல், போன வருஷம் கோலீனுக்குப் பித்தப்பை எடுத்தப்ப எத்தனை நாள் சாப்பாடு வந்துச்சு அவங்க வீட்டுக்கு?"

கோலீன் தெய்னின் மனைவி.

"ரெண்டு வாரம் வந்துச்சு. தெய்ன் எடையே கூடிட்டான்."

"நம்ம வீட்டுக்கு முட்டிக்கு என்ன வந்துச்சு?"

வெர்ல் யோசித்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு கேக் துண்டுகூட வரவில்லை.

"சின்ன அடின்னு நெனச்சிருப்பாங்க."

"ஆமா, அப்படித்தான் நெனச்சிருப்பாங்க." கத்தியைத் தொட்டிக்குள் போட்டாள். "பொய்யச் சொன்னது நீ. அதச் சுமந்துக்கிட்டு நடக்கிறது அவன். எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"ரெண்டு மாசத்துல சரியாயிருச்சுன்னு சொல்லிரலாம்."

"சரியானா திரும்பப் போவான்னுல்ல சொல்லி வெச்சிருக்கே?"

அதை வெர்ல் யோசித்திருக்கவில்லை.

முட்டி ஆமனை வீட்டோடு கட்டிப்போட்டது. ஊழியத்துக்குப் போகுமுன் இரண்டு கோடை அவன் மரம் வெட்டுகிற ஆட்களோடு வேலை செய்தவன். இடுப்பில் கயிறு கட்டி அறுபதடி மேலே ஏறிக் கிளை கழிப்பான். அந்த முதலாளி ஆளில்லை என்று இரண்டு முறை போன் செய்தார். முட்டியை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? கீழ்த்தள அறையில் உட்கார்ந்து அம்மாவின் ஆயிரம் துண்டுப் படப்புதிர்களை ஒவ்வொன்றாக அடுக்கி முடித்தான். நவம்பரில் வழக்கம்போல மலைக்கும் ஏரிக்கும் நடுவே குளிரில் அடைபட்ட புகை வந்து தங்கியது. பத்து நாள் சூரியன் பழுப்பு நாணயம் மாதிரிக் கிடந்தது. குழாய்களையெல்லாம் வடித்து முடித்து வெர்லும் வீட்டில் அதிக நேரம் இருந்தார். ஒருநாள் விடியற்காலை ஜன்னல் வழியாகப் பார்த்தார். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு ஆமன் திரும்பி வந்துகொண்டிருந்தான். தெருவில் ஒரு ஆள் இல்லை, ஒரு வீட்டில் விளக்கில்லை. அவன் இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். கராஜுக்குள் நுழைந்து கதவு பாதி இறங்கிய பிறகும் அந்தக் கால் இழுத்தபடியே போனது.

வெர்ல் காலை உணவைத் தொடவில்லை. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சாயங்காலம் சொல்லலாம் என்று விட்டார். சாயங்காலம் மான் வேட்டைக்குப் போன மச்சான் இறைச்சியோடு வந்துவிட்டான்.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை விடியலில் கீழ்க்காற்று இறங்கியது.

மற்ற ஊர்க்காரர்கள் அதைப் புயல் என்பார்கள். அங்கே அது வெறும் கீழ்க்காற்றுதான். கிழக்கே மலை முதுகின் அந்தப் பக்கத்துக் குளிர் முழுவதும் நிரம்பி வழிந்து, பள்ளத்தாக்குகளின் வாய் வழியாக ரயில் வருகிற சத்தத்தோடு கொட்டும். நெடுஞ்சாலையில் லாரிகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. பிள்ளைகள் குதித்து விளையாடும் துள்ளுமேடை ஒன்று மூன்றாம் வீட்டுக் கூரைமேல் கவிழ்ந்திருந்தது. வேலிப் பலகைகள் ஏரிப் பக்கம் பறந்து போயின. ஒன்பது மணிவாக்கில் தெய்ன் வீட்டு மலைப் பக்கம் நின்ற எழுபதடி ஊசியிலை மரம் வேரோடு கிளம்பி, அவசரமில்லாமல், படுக்கையறைக் கூரைமேல் சாய்ந்து படுத்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. கோலீன் சமையலறையில் இருந்தாள். தெய்ன் பூட்ஸ் தேடிக்கொண்டிருந்தார்.

மின்சாரம் மூன்று நாள் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பிஷப் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார்: ஞாயிறு ஆராதனை கிடையாது, வேலைச் சட்டையோடு வாருங்கள், நாளை இருட்டியதும் இன்னொரு காற்று வரும் என்கிறார்கள், அதற்குள் விழுந்ததையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும். தெருவில் கிடக்கிற ஒவ்வொரு கிளையும் அடுத்த காற்றில் யார் வீட்டு ஜன்னலையாவது உடைக்கும்.

ஞாயிறு விடிந்ததும் மலையடியிலிருந்து ஏரிப் பக்கம் வரை அறுவை இயந்திரச் சத்தம்தான். டையும் வெள்ளைச் சட்டையுமாகவே பார்த்துப் பழகிய ஆண்கள் தாடி மழிக்காமல், மரத்தூள் அப்பிய முகத்தோடு திரிந்தார்கள். பெண்கள் கேஸ் அடுப்பில் பெரிய பாத்திரங்களை ஏற்றி காரமான பீன்ஸ் குழம்பும் சூடான சாக்லேட்டும் வைத்திருந்தார்கள். லூவான் நூற்றைம்பது ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். வேலை நடக்கிற இடத்தில் எல்லாருக்கும் ஒரு உற்சாகம் இருந்தது. யார் வீட்டுத் துள்ளுமேடை என்று ஏலம் விட்டுச் சிரித்தார்கள். ஆமனுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மழுங்கிய அறுவைச் சங்கிலிகளைக் கொண்டுவந்து அவனிடம் கொடுப்பார்கள். அவன் அரத்தால் பல் பல்லாகக் கூர் ஏற்றிக் கொடுப்பான். இரண்டு மணி வரை தலை நிமிராமல் அதைச் செய்தான்.

கடைசியாக மிஞ்சியது தெய்ன் வீட்டு மரம். தண்டு கூரையை நசுக்கிப் புகைபோக்கியில் முட்டிக்கொண்டு நின்றது. நுனிப் பக்கம் இருபதடி அந்தரத்தில் தொங்கியது. அதை ஒரே ஒரு கிளைதான் தாங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு காற்று வந்தால் கூரையின் மிச்சத்தையும் அது வாரிக்கொண்டு போகும். மரம் வெட்டுகிற கம்பெனிகளுக்கு வியாழக்கிழமைவரை நேரமில்லை. கிழக்கே மலையுச்சியில் மேகம் தொப்பி மாதிரி உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்தால் காற்று வந்தே தீரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஏழெட்டுப் பேர் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மேல ஒருத்தன் போய் நுனியக் கழிச்சு விட்டாப் போதும்," என்றார் ஒருவர்.

"போறவன் பழகினவனா இருக்கணும்."

நாற்காலி கிறீச்சிட்டது. ஆமன் எழுந்து நின்றான். கையில் அரம் இருந்தது. அவன் மரத்தைப் பார்த்தான். கிளை எங்கே இழுவிசையில் இருக்கிறது, எங்கே அறுத்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று கண்ணாலேயே அளந்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"உன் முட்டியோட வேணாம்ப்பா," என்றார் பிஷப் மெதுவாக.

 எல்லாரும் வெர்லைப் பார்க்காதது போல் நின்றார்கள். பையனுக்கு முட்டியில் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை. வெர்லின் நாக்கு நுனியில் அது இருந்தது. அவர் குனிந்து தன் அறுவை இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். எண்ணெய்க் குப்பியை எடுத்தார். ஏற்கனவே நிரம்பியிருந்த இடத்தில் எண்ணெய் ஊற்றினார். அது வழிந்து அவர் விரல் இடுக்கெல்லாம் ஓடியது.

"என் கூரை," என்றார் தெய்ன். "நானே ஏறிக்கிறேன். தள்ளுங்க."

"தெய்ன், வேணாங்க!" என்று கோலீன் குழம்புப் பாத்திரத்தருகிலிருந்து கத்தினாள்.

"அம்பது நிமிஷ வேலைடி. ரொட்டி ஆறாமப் பாத்துக்க."

ஏணியில் இரண்டு படி ஏறி நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மேலே போனார். தளத்தில் விமான இறக்கைமேல் நடந்து பழகிய கால்தான். ஆனால் அது பத்து வருடத்துக்கு முந்தைய கதை. அறுக்கிற சத்தம் கேட்டது. கிளை பாதி அறுந்ததும் தண்டு முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றியது. தெய்ன் இயந்திரத்தைக் கைவிட்டுவிட்டு ஏணியைப் பிடிக்கப் பார்த்தார். ஏணி அங்கே இல்லை.

சிமெண்டுத் தரையில் அவர் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ஒரு மூட்டையைப் போட்ட மாதிரி இருந்தது.

முதலில் ஓடியது ஆமன். குறுக்கே இடுப்பளவுக்குக் கிடந்த தண்டை ஒரே தாவில் தாண்டினான். புல்தரையை ஐந்தாறு எட்டில் கடந்து, சிமெண்டில் முழங்கால் இரண்டும் தேயச் சறுக்கி உட்கார்ந்து, தெய்னின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"அசையாதீங்க. என்னப் பாருங்க. கழுத்தத் திருப்பாதீங்க. யாராச்சும் ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க! போர்வை கொண்டாங்க!"

தெருவே அந்த ஓட்டத்தைப் பார்த்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் அந்தத் தலையை விடவில்லை. தெய்ன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரொட்டி ஆறிப்போச்சா," என்று முனகினார். வண்டி கோலீனையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு ஆமன் யாரிடமும் கேட்கவில்லை. கயிறு ஒன்றை எடுத்து இடுப்பில் கட்டினான். தன் கையால் கூர் ஏற்றிய சங்கிலியைப் பூட்டிக்கொண்டு கூரைமேல் ஏறினான். ஒன்றரை மணி நேரம். நுனியை மூன்று துண்டாக, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்கினான். கூரைப் பொத்தலுக்கு நீலத் தார்பாய் விரித்து ஆணி அடித்தான். கீழே நின்றவர்கள் அவன் கேட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். வெர்ல் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகனின் பூட்ஸ் அவர் முகத்துக்கு நேரே ஏறியது, இறங்கியது. இடது, வலது. இடது, வலது.

இருட்டுகிற நேரத்தில் அவன் இறங்கினான். எண்பது வயது பிரதர் எக்பர்ட் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்தார்.

"நல்ல வேலப்பா. போய் ஐஸ் வெச்சுக்க. அந்த முட்டியப் பாத்துக்க."

சுற்றி நின்ற மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"சரிங்க பிரதர்," என்றான் ஆமன். இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்துகொண்டான்.

அன்று காற்று வந்தது. தார்பாய் தாங்கியது.

தெய்னுக்கு இடுப்பெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு, முதுகில் ஒன்று. நடப்பார், ஆனால் பழையபடி இல்லை என்றார்கள் டாக்டர்கள். பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். படுக்கையறைக் கூரை இன்னும் சரியாகாததால் முன்னறையில் கட்டில் போட்டிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் லூவான் வீட்டில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆமன் நொண்டுவதை விட்டுவிட்டான். கடையிலும் சபையிலும் நேராகத்தான் நடந்தான். ஆனாலும் பார்க்கிறவர்கள், "முட்டி தேவலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்பாகவே கேட்டார்கள். அதுதான் வெர்லுக்குத் தாங்கவில்லை. யாராவது ஒருவன் நடுத்தெருவில் நிறுத்தி வைத்து, பொய்க்காரப் பயலே என்று சட்டையைப் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் அவர் தெய்ன் வீட்டுக் கதவைத் தட்டினார். கோலீன் திறந்தாள். உள்ளே கொதிக்கவைத்த வெங்காயமும் மருந்தும் கலந்து வாசம் வந்தது.

"சிஸ்டர், தெய்ன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்ககிட்டயும்தான்."

"சொல்லுங்க பிரதர்."

"ஆமனுக்கு முட்டியில ஒண்ணுமில்ல. எப்பவுமே ஒண்ணுமில்ல. நான் சொன்ன பொய். அன்னைக்கு அவன் ஏறியிருப்பான். நான் வாயத் தொறக்கல. தெய்ன் இப்படிக் கெடக்கிறதுக்கு நான்தான் காரணம்."

கோலீன் கையிலிருந்த துண்டை மடித்தாள். மறுபடி விரித்து மடித்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லணும்," என்றாள். "சபையில யாராச்சும் கேட்டா, மன்னிச்சுட்டேன்னுதான் சொல்லுவேன். ஆனா இன்னைக்கு, என் வீட்டுல வெச்சுக் கேக்காதீங்க." உள்ளே போய்விட்டாள்.

தெய்ன் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே மேற்கு ஜன்னலைப் பார்த்துக் கிடந்தார். முகம் சுருங்கி, காது பெரிதாகத் தெரிந்தது.

"கேட்டுச்சு," என்றார். "செவுரு தகடு மாதிரிதான். உக்காரு."

வெர்ல் உட்கார்ந்தார்.

"கோலீனோட தங்கச்சி மகன் ஓஹையோவுலதான் இருக்கான் வெர்ல். அதே ஊழியத்துல. உன் பையன் ப்ளேன் ஏறுறதுக்கு முந்தியே எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கேட்ட? யாரு வந்திருக்காங்கன்னு?"

"நீயா சொல்லட்டும்னுதான். முப்பது வருஷமாப் பக்கத்துல இருக்கமே. உக்காந்து பேசலாம்னு முள்கோலத் தூக்கிட்டு வந்தேன். நீ முட்டின்னுட்ட." தெய்ன் மூச்சை இழுத்துவிட்டார். "சரி, வெர்லுக்கு முட்டின்னுதான் சொல்லணுமாட்டம் இருக்கு, சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன். தெரு முழுக்க அப்படித்தான் விட்டுச்சு."

"எல்லாருக்குமா?"

"பிரதர் எக்பர்ட்டுக்குக் கூட."

வெர்ல் தன் கைகளைப் பார்த்தார்.

"அப்ப நீ எதுக்குய்யா ஏறினே?"

"பையன் எந்திரிச்சு நின்னான். உன்னப் பாத்தான். நீ எண்ணெய் ஊத்திக்கிட்டு நின்ன. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா அவனே வாயத் தொறந்து உன்னப் பொய்க்காரனாக்கணும், இல்ல உக்காந்து தன்னக் கோழையாக்கணும். எல்லார் முன்னாடியும். யாராச்சும் ஏறித்தானே ஆகணும்." தெய்ன் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு படி ஏறிட்டுத் திரும்பிப் பாத்தேன், நீ சொல்லுவியான்னு. சரி, போ. எனக்கு மாத்திரை போட்டாத் தூக்கம் வந்துருது."

வெர்ல் வெளியே வந்தார். மெல்லிய பனி விழத் தொடங்கியிருந்தது. மலை தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை.

ஆமன் கொல்லையில் தெய்ன் வீட்டு மரத்தின் துண்டுகளைக் கோடரியால் பிளந்து அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய பிக்கப் வண்டியில் கூடாரத் துணியும் இரண்டு பெட்டியும் ஏற்றியிருந்தன. லூவான் முந்தின நாளே சொல்லியிருந்தாள்: நெவாடாவில், எல்கோப் பக்கத்துச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை போகிறான்.

"தெய்னப் பாத்துட்டு வர்றேன்," என்றார் வெர்ல். "அவங்களுக்கெல்லாம் மொதல்லயே தெரியுமாம்டா."

"தெரியும்ப்பா."

"உனக்குத் தெரியுமா, அவங்களுக்குத் தெரியும்னு?"

"மொத ஞாயித்துக்கெழமையே தெரியும். முட்டியப் பத்திக் கேக்கிறவங்க முட்டியப் பாக்கல. உங்களப் பாத்தாங்க."

"அப்ப ஏண்டா நொண்டினே?"

ஆமன் ஒரு துண்டை நிறுத்தி வைத்துப் பிளந்தான்.

"நீங்க நிறுத்தச் சொல்லலயே."

வெர்ல் ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்தார். அவருடைய இடுப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார். பனி அவர் தொப்பியில் விழுந்து கரைந்தது. பத்து வாரமாகக் கேட்காததைக் கேட்டார்.

"அங்க என்னடா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"சொல்லு."

"நெசமாவே ஒண்ணும் நடக்கலப்பா. அதான் சொல்லத் தெரியல." கோடரியை ஊன்றிக்கொண்டான். "ஒரு கதவுக்கு முன்னால நிப்போம். நானும் கூடத் தங்கின கூட்டாளியும். ஒருதடவ அவன் தட்டுவான், ஒருதடவ நான். உள்ள டி.வி. ஓடும். கொழந்த அழும். கறி வேகுற வாசன வரும். அவங்க பாட்டுக்கு இருக்காங்களே, இதுக்குள்ள போயி நான் என்னத்தச் சொல்லப் போறேன்னு தோணும். தூக்கின கை கீழ எறங்கிரும். மொதல்ல ஒரு நாளைக்கு ஒரு கதவு அப்படி இருந்துச்சு. அப்புறம் எல்லாக் கதவும். அப்புறம் எங்க ரூமு கதவையே தொறக்க முடியல."

"ம்."

"குளிக்கிற தொட்டி இருக்கும்ல. தண்ணி இல்லாம, சட்டை பேண்ட்டோட அதுல போயிப் படுத்துக்குவேன். அங்கதான் கொஞ்சம் தூக்கம் வந்துச்சு. பதினோரு நாள். கூட்டாளி தொட்டிக்கு வெளிய தட்டுல சாப்பாடு வெச்சுட்டுப் போவான். நல்ல பையன். அவன்தான் பயந்துபோயி தலைவருக்குப் போன் பண்ணினான்."

வெர்லால் அந்தத் தொட்டியைப் பார்க்க முடிந்தது. வெள்ளைத் தொட்டி. அதற்குள் டையோடு காலை மடக்கிக்கொண்டு தன் மகன்.

"எங்களுக்குப் போன் பண்ணியிருக்கலாமேடா."

"பண்ணினேன்." குரலில் கோபமே இல்லை. "அம்மா பொறந்தநாளன்னைக்கு. நீங்கதான் எடுத்தீங்க. ஸ்பீக்கர்ல போட்டீங்க. பெரியப்பா, அத்தையெல்லாம் சத்தம் போட்டாங்க. எல்லாம் நல்லாப் போகுதுல்லன்னு கேட்டீங்க. போகுதுப்பான்னேன்."

வெர்லுக்கு அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. போனை மேசை நடுவில் வைத்து, பார்த்தீர்களா என் மகனை என்று சுற்றிலும் எல்லார் முகத்தையும் பார்த்தது நினைவுக்கு வந்தது. அவன் குரல் எப்படி இருந்தது என்று யோசித்தார். அது மட்டும் நினைவில் இல்லை.

"ஆமன்," என்றார். 

"ஒண்ணு கேக்கணும்ப்பா. ஏன் முட்டி?"

"தெரியலடா. வாயில வந்துச்சு."

ஆமன் சிரித்துவிட்டான். வெர்லும் சிரித்தார். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். லூவான் கொல்லைக் கதவைத் திறந்து என்னவோ ஏதோ என்று பார்த்தாள். சிரிப்பு நின்ற பிறகு வெர்லின் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஆமன் கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றான். தொடவில்லை. நின்றான்.

திங்கட்கிழமை அவன் போனான். அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியும் ராஸ்பெரி ஜாமும் முன் இருக்கையில் இருந்தன. ஏரியின் தெற்குக் கரையைச் சுற்றிக்கொண்டு, உப்பு வெளியைக் கடந்து போக வேண்டும். நாலு மணி நேரப் பாதை. வெர்ல் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தார். லூவான் வண்டி திரும்புகிற முனை வரை நடந்தே போய்விட்டு வந்தாள். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, புது ஆளுக்கு விடுப்பு இல்லை என்று பிறகு சொல்லி அனுப்பினான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின புதன்கிழமை, வேலை முடிந்து லாரியில் உட்கார்ந்தபடியே வெர்ல் அவனுக்குப் போன் செய்தார். குளத்தின் கரையில் நிறுத்தியிருந்தார். காலி குளத்தின் அடியில் பனி படிந்திருந்தது. ஐந்தாவது மணியில் எடுத்தான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல." ஸ்பீக்கரில் போடாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எப்படி இருக்க?"

"நல்லாருக்கேன்."

"நெசமாவா?"

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ பெரிய வண்டி பின்னோக்கி நகர்கிற ஒலி விட்டுவிட்டுக் கேட்டது.

"இப்பப் பேச முடியலப்பா."

"பேச வேணாம். வெச்சுராத. சும்மா லைன்ல இரு."

அவன் வைக்கவில்லை. வெர்ல் எஞ்சினை அணைத்தார், அவன் மூச்சு சரியாகக் கேட்பதற்காக.